மலைப்பக்கக் கால்பலகை

அந்தத் தை மாதத்தில் மட்டும் சுலோஜனா மூன்று தடவை விழுந்தாள். மூன்று தடவையும் ஒரே இடம். முதல் தடவை முட்டைப் பெட்டிகள் போயின. இரண்டாம் தடவை, துவைத்து மடித்த படுக்கை விரிப்புகள் கட்டவிழ்ந்து சரிவெல்லாம் பரந்து கிடந்தன. வெள்ளைப் பனியில் வெள்ளைத் துணியைத் தேடிப் பொறுக்க ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. மூன்றாம் தடவை பனிவண்டியே ஒருக்களித்துக் கவிழ்ந்து, அவளுடைய இடது முழங்காலை ஒரு கணம் அழுத்திவிட்டு, கீழே நின்ற மரமொன்றில் போய் முட்டி நின்றது.

மரம் நின்றதால் வண்டி தப்பியது. மரத்துக்குக் கீழே ஓடைப் பள்ளம்.

கார்வாங் மலைவிடுதி, தென் ஜெர்மனியின் அல்கொய் மலைகளில் ஆயிரத்து நானூறு மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கோடையில் காட்டுப் பாதையால் கார் போகும். மார்கழி பிறந்தால் ஏழு கிலோமீற்றர் பாதையும் பனிக்குள் போய்விடும். அதற்குப் பிறகு விடுதிக்குப் பாண் போவதும், காஸ் சிலிண்டர் போவதும், விருந்தாளிகளின் பெட்டிகள் போவதும், குப்பை கீழே வருவதும் எல்லாம் ஒரே ஒரு பனிவண்டியில்தான். முன்னுக்கு இரண்டு சறுக்குப் பலகை, பின்னுக்கு அகலமான ஒற்றை ரப்பர்ப் பட்டி, மேலே மோட்டார்சைக்கிளில் இருப்பதைப் போன்ற ஓர் இருக்கை. இருக்கையின் இருபக்கமும் கால் வைக்க நீளமான அலுமினியக் கால்பலகை. அந்தக் குளிர்காலத்தில் அந்த வண்டிக்குப் புதுச் சாரதி சுலோஜனா.

அவளுக்கு முப்பத்தாறு வயது. ஏழு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து தாய் தகப்பனோடு வந்து வுப்பர்டாலில் வளர்ந்தவள். அங்கே உறைந்த மீனும் ஐஸ்கிறீமும் அடுக்கிவைக்கும் பெரிய குளிர்களஞ்சியம் ஒன்றில், பாரம் தூக்கும் ஸ்டாப்லர் வண்டி ஓட்டிப் பதினொரு வருடம் வேலை செய்தாள். கணவன் மதீசனுக்கு மலையடிவார ஆஸ்பத்திரியில் தாதி வேலை கிடைத்தபோது இருவரும் தெற்கே குடிபெயர்ந்தார்கள். விடுதியை நடத்தும் யூலியா, வேலைக்கு எடுக்கும் முன் அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பனியில வண்டி ஓடியிருக்கிறியோ?"

"பனியில இல்லை. மைனஸ் இருபத்திநாலில பதினொரு வருசம் ஓடியிருக்கிறன்."

யூலியா சிரித்தாள். மறுநாளே வேலைக்கு வரச் சொன்னாள். பழகுவதற்கு ஒரு கிழமைகூடத் தேவைப்படவில்லை. சறுக்குப் பலகையின் போக்கும் விசையின் அளவும் அவளுடைய கைக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டன.

பிடிபடாதது ஒன்றே ஒன்று. பாதையின் ஐந்தாவது கிலோமீற்றரில், மலையின் இடுப்பைச் சுற்றிப்போகும் இருநூறு மீற்றர் துண்டு. காற்றடித்தால் பனி வந்து பாதையை நிரப்பிவிடும். பிறகு பாதை என்று ஒன்று இருக்காது. வலப்பக்கம் மலை, இடப்பக்கம் பள்ளம், நடுவில் கூரைபோலச் சரிந்த வெறும் பனி. ஊரவர்கள் அந்தத் துண்டைச் சாய்வு என்பார்கள். அதைக் கடக்கும்போது சாரதி இருக்கையில் இருக்க ஏலாது. எழுந்து, இரண்டு காலையும் மலைப்பக்கக் கால்பலகையில் ஊன்றி, உடம்பு முழுவதையும் மலைப்பக்கம் சாய்த்து நிற்கவேண்டும். அந்த ஒரு ஆளின் பாரம்தான் வண்டியைக் கவிழாமல் பிடித்து வைத்திருப்பது.

அந்தப் பலகையில்தான் ஐஸ். அடிவாரத்திலிருந்து ஐந்து கிலோமீற்றர் வருவதற்குள் பட்டி அள்ளி எறியும் பனி கால்பலகையில் படிந்து, சப்பாத்து மிதித்து மிதித்து இறுகி, விரற்கடை தடிப்பில் கண்ணாடியாகிவிடும். அதில் நின்று சாய்ந்தால் கால் வழுக்காமல் வேறென்ன செய்யும்?

மூன்றாம் தடவை விழுந்ததற்கு அடுத்த நாள் யூலியா அடிவாரத்துப் பட்டறைக்கு இறங்கி வந்தாள். நாற்பத்தைந்து வயது, காற்றுப்பட்டுச் சிவந்த முகம், எதையும் நேரே சொல்லிவிடுகிற பெண். பட்டறைக்குப் பொறுப்பான கோர்பினியானும் கூட நின்றான். ஆறடி மூன்றங்குலம். இருபது வருடமாக விடுதியின் இயந்திரங்கள் எல்லாம் அவனுடைய கையில்தான்.

"முழங்கால் எப்படி?" என்று கேட்டாள் யூலியா.

"வீக்கம் வத்தியிட்டுது."

"சுலோஜனா, நான் சுத்திவளைச்சுக் கதைக்க மாட்டன். இன்னொரு தடவை நடந்து, அந்த மரமும் இல்லாட்டி என்ன? பக்கத்து ஊரில பெரிய சங்கிலி வண்டி வச்சிருக்கிற ஒரு நிறுவனத்தோட கதைச்சிருக்கிறன். மாசிக் கடைசியில எங்கட விடுதியில கலியாணம் இருக்கு. அண்டைக்கு அவங்கள் வந்து ஏத்தி இறக்கிக் காட்டட்டும். சரிவந்தால் பங்குனியில இருந்து அவங்களே செய்யட்டும். உனக்குச் சமையலறையில வேலை இருக்கு. உன்னை அனுப்ப மாட்டன்."

சுலோஜனா கோர்பினியானைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"உன்னில பிழையெண்டு சொல்லேல்லை. பாரம் காணாது. போன வருசம் ஓடின செப் நூற்றுப் பத்துக் கிலோ. அவன் ஒருநாளும் விழேல்லை. நீ ஐம்பத்தாறு. சாய்வுக்கு ஆள் பாரமாய் இருக்கவேணும்."

அவள் வண்டியைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனாள். போகும் வழியெல்லாம் ஐம்பத்தாறு, ஐம்பத்தாறு என்று அந்த இலக்கமே காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

சமையலறை வேலை கேவலமான வேலை அல்ல. ஆனால் அவளுக்கு அந்த மலைப்பாதை பிடித்துப்போயிருந்தது. விடியலில் யாரும் மிதிக்காத பனியில் முதல் கோடு கீறிக்கொண்டு போவது, மேலே ஏற ஏற மூட்டம் காலுக்குக் கீழே இறங்குவது, விடுதி வாசலில் பாணுக்காகக் காத்துநிற்கிற ஆட்கள் கையசைப்பது. இதையெல்லாம் ஐஸ் தகடொன்றுக்காக விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

மாசிக் கடைசிக்கு இன்னும் ஐந்து கிழமை இருந்தது.

முதலில் ரப்பர்ச் சுத்தியல் ஒன்றைக் கொண்டுபோனாள். சாய்வுக்கு முன் இறங்கித் தட்டினால் ஐஸ் உடையும். ஆனால் முழுதாகப் போகாது. மீந்து நிற்கும் மெல்லிய படலம்தான் எல்லாவற்றிலும் வழுக்கல். பிறகு, பலகையில் சமையல் எண்ணெய் பூசினால் பனி ஒட்டாது என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பூசிப் பார்த்தாள். பனி ஒட்டவில்லைதான். சப்பாத்தும் ஒட்டவில்லை. வண்டி முற்றத்தை விட்டு வெளிக்கிட முன்னரே கால் வழுக்கி, விசைப்பிடியில் நாடி அடிபட்டது. அதற்குப் பிறகு வாசற்படிக்குப் போடும் முள்ளுமுள்ளான ரப்பர் விரிப்பை வெட்டி ஒட்டினாள். முதல் கிலோமீற்றர் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவதில் முள்ளுகளுக்கிடையில் பனி அடைந்தது. மூன்றாவதில் விரிப்பு இருந்த இடமே தெரியவில்லை.

இதற்கிடையில் சாய்வு வந்தால் இறங்கி, வண்டியைக் கயிற்றில் கட்டி, மெல்ல மெல்ல இழுத்துக் கடந்தாள். விழவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் முக்கால் மணித்தியாலம் பிந்தினாள். விடுதியில் விருந்தாளிகள் பாணில்லாமல் காலைச் சாப்பாட்டு மேசையில் காத்திருந்தார்கள்.

மாசி தொடங்கி நாலாம் நாள், அவள் மேலே இருந்தபோது பனிப்புகார் இறங்கியது. கைக்கெட்டிய தூரம்கூடத் தெரியாத புகார். யூலியா அவளை விடுதியிலேயே தங்கச் சொன்னாள். பனிவண்டி விறகுக் கொட்டிலுக்குக் கீழே திறந்த வெளியில் நின்றது. காலையில் வெயிலெறித்தது. வெப்பமானி மைனஸ் பன்னிரண்டு காட்டியது. அவள் கீழே இறங்கி, பாண் கூடைகளை ஏற்றிக்கொண்டு, உடனேயே திரும்பவும் மேலே வந்தாள். சாய்வு வந்ததும் வழக்கம்போலச் சுத்தியலை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

தட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

பலகையில் பனி கிடந்தது, ஆனால் மாவைப்போல. கையுறையால் ஒரு தட்டுத் தட்டினாள். பறந்துபோயிற்று. அடியில் அலுமினியம் காய்ந்து கிடந்தது. அவள் குனிந்தபடியே கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மற்றப் பக்கமும் போய்ப் பார்த்தாள். அங்கேயும் அப்படித்தான். அன்றைக்கு இரண்டு காலையும் ஊன்றி, வண்டியிலேயே சாய்வைக் கடந்தாள். கால் ஓரிடத்திலும் அசையவில்லை.

அடுத்த நாள், பட்டறைக் கராஜில் இரவு நின்ற வண்டியில் பழையபடி ஐஸ்.

அன்று பின்னேரம் சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு அவள் சாப்பிடாமல் இருந்தாள். மதீசன் எதிரே இருந்து பார்த்தான்.

"என்ன, நீர் சாப்பிடேல்லையோ? உப்புக் கூடிப்போச்சே?"

"கராஜ்," என்றாள் அவள்.

"என்ன கராஜ்?"

"இஞ்ச பாருங்கோ. குளிர்களஞ்சியத்தில ஒரு சட்டம் இருந்தது. வெளிச் சூட்டில நிண்ட ஸ்டாப்லரை உடனை உள்ளுக்குக் கொண்டுவரக்கூடாது. கொண்டுவந்தால் அதின்ர இரும்பில பட்ட பனித்தூள் முதல் உருகும், பிறகு உறையும். பிறகு பெட்டியெல்லாம் அதில ஒட்டிக்கொள்ளும். உள்ளுக்கே நிண்ட வண்டியில ஒண்டும் ஒட்டாது. குளிர் இரும்பில குளிர் பனி ஒட்டாது. விளங்குதோ?"

"ஓம்."

"கோர்பினியான் போன ஐப்பசியிலதான் அந்தக் கராஜைக் கட்டினவன். உள்ளுக்குச் சூடு பதினெட்டு. முந்தி வண்டி நிண்டது வைக்கோல் கொட்டிலில. செப் விழாததுக்குக் காரணம் அவன்ர பாரமில்லை, கொட்டில். நான் வந்ததும் கராஜ் வந்ததும் ஒரே நேரம். எல்லாரும் என்னைத்தான் பாத்தவை. கராஜை ஒருத்தரும் பாக்கேல்லை!"

மதீசன் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தான். "அப்ப நாளைக்கே போய்ச் சொல்லும்."

"சொன்னால் நம்பமாட்டான். அந்தக் கராஜ் அவன்ர பிள்ளை மாதிரி. கண்ணால காட்டவேணும்." அவள் யோசித்தாள். "உங்கட சுடுதண்ணிப் பை எங்க?"

மறுநாள் காலை ஏழரை மணிக்குக் கோர்பினியான் பட்டறைக்கு வந்தபோது பனிவண்டி வெளியில் நின்றது. முதல்நாள் இரவே யூலியாவிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டு, சுலோஜனா அதைக் கராஜிலிருந்து வெளியே எடுத்து நிறுத்தியிருந்தாள். இடப்பக்கக் கால்பலகையின் மேல், பூப்போட்ட உறையோடு ஒரு சுடுதண்ணிப் பை படுத்திருந்தது.

"வண்டிக்கு வயித்துவலியோ?" என்று கேட்டான் அவன்.

"பத்து நிமிசம் தா. பின்னால ஏறு."

அவன் முணுமுணுத்துக்கொண்டு ஏறினான். அவள் பையை எடுத்துப் பட்டறைக்குள் வைத்துவிட்டு, புதுப் பனி கிடந்த புல்வெளியைச் சுற்றி வேண்டுமென்றே பனியைக் கிளப்பிக்கொண்டு ஓட்டினாள். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து நிறுத்தினாள்.

"இறங்கு. வலப்பக்கத்தை விரலால துடை."

துடைத்தான். பனி பொலுபொலுவென்று கொட்டியது.

"இப்ப இடப்பக்கம்."

துடைத்தான். அசையவில்லை. நகத்தால் சுரண்டினான். சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்துக் குத்தினான். ஐஸ் துகளொன்று தெறித்தது. ஒரே வண்டி, ஒரே பனி, ஒரே ஆட்கள். சுடுதண்ணிப் பை படுத்த இடத்தில் மட்டும் கண்ணாடி.

கோர்பினியான் நிமிர்ந்து கராஜைப் பார்த்தான். புது மரம், புதுக் கதவு, சுவரில் புதுச் சூடேற்றி. அவனுடைய கழுத்து மெல்லச் சிவந்துகொண்டு வந்தது.

"இயந்திரம் காய்ஞ்சு இருக்கவேணும் எண்டுதான் கட்டினனான்," என்றான்.

"தெரியும். இயந்திரம் நல்லாய்த்தான் இருக்கு. பற்றரியை மட்டும் கழட்டி உன்ர சூட்டுக்குள்ள வை. வண்டி கொட்டிலில நிக்கட்டும்."

அவன் திருப்புளியைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டான். பிறகு, "பாரம் காணாது எண்டு நான் சொன்னது..." என்று தொடங்கினான்.

"அதைப் பிறகு கதைப்பம். எனக்குப் பாண் பிந்துது."

அன்றிலிருந்து வண்டி கொட்டிலில் நின்றது. அவள் தன் சப்பாத்தையும் வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. வெளிவாசலிலேயே வைத்து, புறப்பட ஐந்து நிமிடத்துக்கு முன் போட்டுக்கொண்டாள். ஐஸ் முக்கால்வாசி போய்விட்டது. முக்கால் மணித்தியாலப் பிந்தலும் போய்விட்டது.

ஆனால் கால்வாசி மிஞ்சியது. சாய்வுக்கு முந்திய ஏற்றம் செங்குத்து. அதில் இயந்திரம் திணறிச் சூடேறும். அந்தச் சூடு நடு உடம்பின் தகட்டால் இறங்கிக் கால்பலகையின் உட்கரையைத் தொடும். அங்கே பனி இளகி, வெளிக்கரைக்கு வழிந்து உறையும். கனமான பனி நாட்களில் அது போதும், ஒரு காலைக் கிளப்பிவிட. செப்பும் அந்த இடத்தில் இறங்கித் தட்டிவிட்டுத்தான் போவானாம். அதைக் கோர்பினியானே பிறகு நினைவுபடுத்திச் சொன்னான்.

விடை அவளுடைய காலடியிலேயே கிடைத்தது. ஒருநாள் விடுதி வாசலில் பாண் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது கீழே பார்த்தாள். வாசற்படிகள் மூன்றும் இரும்புச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துச் செய்த சல்லடைத் தட்டுகள். இந்த நாட்டு மலைவீடுகள் பலவற்றிலும் அப்படித்தான். நூறு பேர் சப்பாத்துப் பனியோடு ஏறுகிறார்கள். படியில் ஒரு சிட்டிகை ஐஸ் இல்லை. மிதிக்க மிதிக்கப் பனி கீழே விழுந்துவிடுகிறது. தட்டின் பல்லுப்பல்லான விளிம்பு சப்பாத்தை வேறு பிடித்துக்கொள்கிறது.

அவள் கூடையை அங்கேயே வைத்துவிட்டு முழந்தாளிட்டுப் படியின் கண்களை விரலால் அளந்தாள். யூலியா கதவைத் திறந்து, "விழுந்திட்டியோ?" என்று பதறினாள்.

"இல்லை, இல்லை. உங்கட படியை அளக்கிறன்!"

கோர்பினியான் இந்தத் தடவை மறுக்கவில்லை. ஆனால் கவலைப்பட்டான். பலகையில் அவ்வளவு பெரிய துளைகளை வெட்டினால் அது ஆளின் பாரத்தைத் தாங்குமா? இரண்டு நாள் காகிதத்தில் கீறிப் பார்த்தான். வண்டி விற்ற கடையின் பொறியியலாளருக்குப் படம் அனுப்பிக் கேட்டான். வெளிக்கரையில் தடித்த குழாயொன்றைப் பொருத்தினால் பழையதைவிடப் பலம் கூடும் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு பக்கப் பலகையையும் வெட்டினான், அலுமினியச் சல்லடைத் தட்டைப் பொருத்தினான், குழாயை ஒட்டினான். சல்லடையின் மேல் விளிம்பில் ஒவ்வொரு பல்லாக அரத்தால் அராவினான். சுலோஜனா சப்பாத்தை வைத்து வைத்துப் பார்த்து, இங்கே கொஞ்சம் கூட, அங்கே கொஞ்சம் குறைய என்றாள். முடிந்ததும் கோர்பினியான் தானே ஏறி நின்று துள்ளினான். நூறு கிலோவுக்குக் கிட்ட. பலகை முனகக்கூட இல்லை.

கலியாணத்துக்கு அப்போது மூன்று நாள் இருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்த நிறுவனத்தின் சங்கிலி வண்டி வந்தது. வீட்டறை போன்ற பெட்டியில் மாப்பிள்ளை, பெண்பிள்ளை, நாற்பது விருந்தாளிகள், கேக், குழல்வாத்தியங்கள் எல்லாவற்றையும் நாலு நடையில் ஏற்றி முடித்தது. சாய்வையும் தன் பாரத்தாலேயே மட்டமாக்கிக்கொண்டு போயிற்று. சுலோஜனா பட்டறை வாசலில் நின்று பார்த்தாள். நல்ல வண்டிதான் என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இரவில் எழுபது சென்ரிமீற்றர் பனி கொட்டியது. கூடவே காற்று.

சனிக்கிழமை காலை எட்டரைக்குத் திருமணப் பதிவாளர் வந்து சேர்ந்தார். ஃபிராவ் ஹாகென்முல்லர், அறுபது வயது, சிறிய உருவப் பெண்மணி, நகரசபை ஊழியர். அவர் வந்து வாசித்துக் கையெழுத்து வாங்கினால்தான் இந்த நாட்டில் கலியாணம் கலியாணம். சடங்கு பதினொரு மணிக்கு. இரண்டு மணிக்கு அவருக்குக் கீழே நகரசபையில் இன்னொரு சோடி காத்திருக்கும். அவரை ஏற்றிக்கொண்டு சங்கிலி வண்டி புறப்பட்டது.

ஒன்பதேகாலுக்கு அது திரும்பி வந்தது. இரண்டாவது கிலோமீற்றரில் பனிப் பாரம் தாங்காமல் இரண்டு பெரிய மரங்கள் பாதைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தன. வனத்துறையினர் பின்னேரம்தான் வரலாம் என்றார்கள்.

கோர்பினியான் யூலியாவுக்குத் தொலைபேசி எடுத்து விசயத்தைச் சொன்னான். மறுமுனையில் வாத்தியக்காரர் ஒத்திகை பார்க்கிற சத்தத்துக்கு மேலால் யூலியா கேட்டாள்.

"சுலோஜனா அங்க நிக்கிறாளோ?"

"பக்கத்தில நிக்கிறாள். சப்பாத்துப் போடுறாள்."

"சாய்வு?"

கோர்பினியான் சுலோஜனாவைப் பார்த்தான். பிறகு தொலைபேசிக்குச் சொன்னான். "புதுப் பனி, காத்தடிச்ச பனி. இந்த வருசத்தில ஆக மோசமாய் இருக்கும். அவள் போவாள்."

சுலோஜனா பதிவாளருக்குத் தலைக்கவசத்தைக் கட்டிவிட்டாள். அவர் பதிவுப் பத்திரங்கள் இருந்த பையை மேலங்கிக்குள் மாட்டிக்கொண்டார்.

"எனக்குப் பயமெண்டு நினைக்காதேங்கோ. நான் இந்த மலையில சறுக்கி வளர்ந்தவள். என்ன செய்யவேணும், சொல்லுங்கோ."

"இப்ப இருந்துகொண்டு வாங்கோ. சாய்வு வந்ததும் நான் சொல்லுவன். எழும்பி, ரெண்டு காலையும் வலப்பக்கப் பலகையில வச்சு, என்ர தோளைப் பிடியுங்கோ. நான் சாயிற பக்கம் சாயுங்கோ. கீழ பாக்க வேண்டாம்."

மரங்கள் விழுந்த இடத்தில் அவள் பாதையை விட்டிறங்கி, காட்டுக்குள் அடிமரங்களுக்கிடையில் வளைந்து வளைந்து போய், மறுபக்கம் ஏறினாள். செங்குத்து ஏற்றத்தில் இயந்திரம் திணறிற்று. பனி சறுக்குப் பலகைக்கு மேலால் எழும்பி முகத்தில் அடித்தது. அவள் விசையை விடவில்லை. மேடு ஏறி முடிந்ததும் முன்னால் சாய்வு கிடந்தது. பாதை இருந்ததற்கு அடையாளமே இல்லை. மேலிருந்து பள்ளம்வரை ஒரே வழவழப்பான வெள்ளை.

"இப்ப!" என்று கத்தினாள்.

இருவரும் எழுந்தார்கள். நான்கு கால்களும் மலைப்பக்கப் பலகையில் ஊன்றின. அவள் கைப்பிடியை மலைப்பக்கம் இழுத்து, இடுப்பை வெளியே எறிந்து, விசையை அழுத்தினாள். வண்டி சரிவில் ஒரு கோடு வெட்டிக்கொண்டு போனது. ஐம்பது மீற்றர். எழுபது. நடுவில், காற்று இறுக்கிவைத்த பனிப்பாளம் ஒன்று சறுக்குப் பலகைக்குக் கீழே படாரென்று உடைந்தது. வண்டியின் மூக்கு பள்ளத்தின் பக்கம் திரும்பியது. தையில் மூன்று தடவையும் இந்த இடத்தில்தான் கால் போனது. அவளுடைய உடம்பு அதை அறிந்திருந்தது.

கால் போகவில்லை.

சப்பாத்தின் அடியில் பற்கள் கவ்வி நின்றதை அவள் உணர்ந்தாள். நிலத்தில் நிற்பதுபோல நின்றாள். நின்றதால் தள்ள முடிந்தது. ஐம்பத்தாறு கிலோவையும் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்ற அந்தச் சின்ன மனிசியையும் சேர்த்து மலைப்பக்கம் தள்ளினாள். மூக்கு மெல்ல நிமிர்ந்தது. ஒரே ஒரு தடவை கீழே பார்த்தாள். முழங்காலளவுக்குப் பனி பலகைமேல் வந்து கொட்டியது. கொட்டிய வேகத்திலேயே சல்லடைக் கண்களால் கீழே ஓடிப்போனது. கறுப்புச் சப்பாத்து நான்கும் சாம்பல்நிறப் பற்களும் துலக்கமாகத் தெரிந்தன. அவ்வளவுதான். மிச்ச நூறு மீற்றரையும் வேகம் குறைக்காமல் வெட்டிக்கொண்டு போனாள்.

மறுகரை ஏறியதும் பின்னாலிருந்து ஒரு கூக்குரல் கேட்டது. ஃபிராவ் ஹாகென்முல்லர் ஒரு கையைத் தூக்கி, பதினாறு வயதுப் பெட்டைபோலக் கத்திக்கொண்டிருந்தார்.

பத்தே முக்காலுக்கு விடுதி முற்றத்தில் வண்டி நின்றது. கலியாண வெள்ளை உடுப்புக்கு மேல் ஆட்டுரோமக் கோட் போட்டுக்கொண்டு பெண்பிள்ளையே வாசலுக்கு ஓடி வந்தாள். வாத்தியக்காரர் யாரும் கேட்காமலே ஊதத் தொடங்கினார்கள். பதிவாளர் இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றி, கலைந்த நரைமுடியோடு சொன்னார்.

"எல்லாரும் உள்ளுக்குப் போங்கோ. பதினைஞ்சு நிமிசம் முந்தியே வந்திட்டம்."

யூலியா படியில் நின்றாள். வண்டிக்குக் கிட்ட வந்து, குனிந்து கால்பலகையைப் பார்த்தாள். கையுறையைக் கழற்றி வெறும் விரலால் தடவினாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. நிமிர்ந்து சுலோஜனாவை இறுக்கக் கட்டிப்பிடித்தாள்.

"அந்த நிறுவனத்துக்கு நான் திங்கட்கிழமை எடுத்துச் சொல்லுறன். மரம் விழாத நாளில வாங்கோ எண்டு. மிச்ச நாளுக்கு எனக்கு ஆள் இருக்கு."

சடங்கு முடிந்ததும் சுலோஜனா பதிவாளரைக் கீழே கொண்டுபோய் விட்டாள். ஒன்றரைக்கு அவர் நகரசபை வாசலில் இருந்தார். பட்டறையில் கோர்பினியான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தான். அவனுக்கும் கலியாணச் சாப்பாட்டுக்கு அழைப்பு.

"பின்னால இடம் இருக்கோ?"

"நூறு கிலோவுக்கோ? பாப்பம்."

சாய்வில் அவன் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு மலைப்பக்கப் பலகையில் நின்றான். காலையில் அவள் வெட்டிய கோடு இன்னும் அழியாமல் கிடந்தது. பாதி வழியில் அவன் அவளுடைய காதுக்குக் கிட்டக் குனிந்து, காற்றுக்கு மேலால் கத்தினான்.

"நான் அண்டைக்குச் சொன்னது மொக்குக் கதை!"

"என்ன? கேக்கேல்லை!"

"மொக்குக் கதை எண்டன்!"

அவளுக்கு முதல் தடவையே நன்றாகக் கேட்டிருந்தது. இன்னொரு தடவை கேட்க ஆசைப்பட்டுத்தான் கேட்காத மாதிரி நடித்தாள். இப்போது விசையை அழுத்தினாள். பனி இரண்டு பக்கமும் சிறகுபோல எழும்பியது. மேலே விடுதியில் யாரோ அவர்களைக் கண்டுவிட்டார்கள். குழல்களெல்லாம் ஒன்றாக ஊதுகிற சத்தம் சரிவால் இறங்கி வந்தது. சுலோஜனா நின்றபடியே, இரண்டு காலையும் அகல ஊன்றிக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்குள் ஏறிப் போனாள்.